பில்டர் கட்டுகிற ‘இன்ஃப்ரா சார்ஜ்’ கடைசியில் எங்கே போகிறது?

சோழிங்கநல்லூர்வாசி

வணக்கம். போன மாதம் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். பில்டர் தந்த காஸ்ட் ஷீட்டில் அடிப்படை விலை, கார் பார்க்கிங், கார்பஸ் ஃபண்ட், ஜிஎஸ்டி எல்லாம் போக ‘டெவலப்மென்ட் அண்ட் இன்ஃப்ரா சார்ஜஸ்’ என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. சதுர அடிக்கு 165 ரூபாய். எங்கள் 1,180 சதுர அடிக்கு 1,94,700 ரூபாய் வருகிறது. சேல்ஸ் பையனிடம் கேட்டால், “அது கவர்மென்ட்டுக்குப் போறது சார், எங்க கையில ஒண்ணும் இல்ல” என்கிறான்.

அரசுக்குத்தானே, போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தத் தெருவில் பாதாள சாக்கடை இல்லை. தண்ணீர் லாரியில் வருகிறது, கழிவு லாரியில் போகிறது. மழை பெய்தால் எது ரோடு, எது கால்வாய் என்று தெரியாது. உள்கட்டமைப்புக்கு என்று வாங்கிய பணத்தை எந்தக் கட்டமைப்பில் போடுகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எழும்பூர் ஃபைல்

தம்பி, அந்த ஒரு வரிக்குள் ஏழெட்டுக் கட்டணம் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்குக்குப் போகிறது. திட்ட அனுமதி தருவதற்கு முன்னால் சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், பில்டருக்கு ஒரு கடிதம் அனுப்பும். எங்கள் தொழிலில் அதை ‘டிசி அட்வைஸ்’ என்போம். அவர்கள் ஆபீஸ் இருக்கிற தாளமுத்து நடராசன் மாளிகைக்கு ஃபைல் தூக்கியே வயதாகிவிட்ட ஆள் நான், அதனால் அந்தக் கடிதம் மனப்பாடம்.

முதல் வரி டெவலப்மென்ட் சார்ஜ். 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 59ஆம் பிரிவில் வருவது. நிலத்துக்குத் தனி, கட்டடத்துக்குத் தனி. அடுத்து பரிசீலனைக் கட்டண பாக்கி. அப்புறம் ஐ அண்ட் ஏ, அதாவது உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம். நீங்கள் தேடுகிற ஆள் இவர்தான். 2007இல் சட்டத்தைத் திருத்தி 63-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள், 2008இல் அதற்கு விதி போட்டார்கள். கட்டடம் எந்த வகை, எந்தப் பகுதி என்பதைப் பார்த்து ரேட் மாறும்.

அதற்குக் கீழே ஓஎஸ்ஆர், அதாவது பொதுத் திறந்தவெளிக்கு விட வேண்டிய நிலம் அல்லது அதற்குப் பதில் பணம். திட்டம் பெரிதாக இருந்தால் ஷெல்டர் கட்டணம், அது ஏழைகளுக்கான வீட்டு நிதிக்கு. ரோடு அகலமாக இருந்து கூடுதல் தளப்பரப்பு வாங்கினால் பிரீமியம் எஃப்எஸ்ஐ. நிலத்துக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை வைத்துப் போடுவதால் பல திட்டங்களில் தலைசுற்ற வைக்கிற தொகை இதுதான். மெட்ரோ வாட்டருக்கு இன்ஃப்ராஸ்ட்ரக்சர் டெவலப்மென்ட் சார்ஜ் என்று தனி டிடி. காட்சிப் பலகைக்கு 10,000 ரூபாய் டெபாசிட். எல்லாம் முடிந்து அடியில் கொடிநாள் நிதிக்குச் சில நூறு ரூபாய்! மேலே லட்சமும் கோடியும், கீழே கொடிநாள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிரிப்பு வரும்.

பிளான்படி கட்டியிருந்தால் டெபாசிட்டுகள் திரும்ப வரும். மற்றதெல்லாம் போனது போனதுதான்.

சோழிங்கநல்லூர்வாசி

ரொம்ப நன்றி சார். அந்த ஐ அண்ட் ஏ யாருடைய கணக்கில் விழுகிறது? மாநகராட்சிக்கா?

எழும்பூர் ஃபைல்

இல்லை. காரணம் என்னவோ சட்டத்தில் அழகாகத்தான் எழுதியிருக்கிறது: புதுக் கட்டுமானத்தால் வருகிற சுமையைச் சமாளிக்கவும், போதுமான வசதிகளைச் செய்து தரவும். ஆனால் பணம் சேருவது மாநில அளவிலான ஒரு நிதியில். ‘மாநில உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் மேம்பாட்டு நிதி’ என்று பெயர், பக்கத்துப் பிரிவான 63-சி. உங்கள் தெரு, வார்டு, மண்டலம் எதுவும் அந்தப் பணத்தின் மேல் எழுதியிருக்காது. எந்த வேலைக்குக் கொடுப்பது என்பது மேலே முடிவாகும். சோழிங்கநல்லூரில் வாங்கியதைச் சோழிங்கநல்லூரில்தான் செலவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மெட்ரோ வாட்டர் டிடி வேறு. அது தண்ணீர் வாரியத்துக்கே நேராகப் போகிறது. ஆனால் அங்கேயும் ‘உங்கள் தெருவுக்குக் குழாய் வந்த பிறகு வாங்குகிறோம்’ என்று காத்திருக்க மாட்டார்கள்.

மடிப்பாக்கம் மாமி

கேட்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் மனை வாங்கி வந்தபோது இங்கே பஞ்சாயத்து. சொந்தக் காசில் கிணறு, சொந்தக் காசில் செப்டிக் டேங்க். ரோடு போடக்கூட ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தோம். 2011இல் மாநகராட்சியில் சேர்த்தார்கள், அதற்கப்புறமும் பாதாள சாக்கடைக்கு எத்தனை வருடம் தெருவைத் தோண்டிப் போட்டார்கள் என்று இங்கே குடியிருக்கிற எவரையும் கேளுங்கள்.

இப்போது இருபது அடித் தெருவில் நாற்பது வீடு கட்டுகிறார்கள். நாற்பது போர்வெல், இல்லாவிட்டால் நாற்பது வீட்டுக்கு லாரி. அந்த லாரி ஓடுகிற ரோட்டைச் சரிசெய்வது எங்கள் சொத்து வரியில். வருகிறவர்கள் கொஞ்சம் கட்டினால் என்ன குறை? என்னைக் கேட்டால் இன்னும் கூட வாங்க வேண்டும்.

பில்டர் மகன்

மாமி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். அப்பா தொழிலில் இப்போது நான்தான் கணக்குப் பார்க்கிறேன், சின்னக் கம்பெனி.

டிசி அட்வைஸ் வந்ததும் பணத்தைக் கட்டினால்தான் அனுமதி கையில் கிடைக்கும். அப்போது அஸ்திவாரத்துக்கு ஒரு மண்வெட்டி மண்கூட எடுத்திருக்க மாட்டோம். வீடு விற்றுக் காசு வர இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை அந்தத் தொகைக்கு வட்டி ஓடும். பேங்க் இந்தச் செலவுக்குக் கடன் தரத் தயங்கும், அதனால் வெளியில் வாங்குகிறோம். வெளி வட்டி என்னவென்று உங்களுக்கே தெரியும். ஆக, அரசு 100 ரூபாய் வாங்கினால் வாடிக்கையாளர் தலையில் 100 ரூபாயாக விழாது.

சோழிங்கநல்லூர் சார், இன்னொன்று. உங்கள் 165 ரூபாய் அப்படியே அரசுக்குப் போகிறது என்றால் நானே நம்ப மாட்டேன். ஈபி டெபாசிட், டிரான்ஸ்ஃபார்மர், ‘இதர செலவு’ எல்லாவற்றையும் சேர்த்து ரவுண்டாக ஒரு ரேட் போடுவதுதான் தொழில் வழக்கம். ரசீதுகளின் நகலைக் கேளுங்கள். கொடுக்கிற பில்டரும் இருக்கிறார், முகத்தைச் சுளிக்கிறவரும் இருக்கிறார்.

கணக்கு வாத்தியார்

‘வாங்குபவன் தலையில்தான் விழும்’ என்பதை எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை. கட்டணம் இவ்வளவு என்று நிலம் பேசுவதற்கு முன்பே தெரிந்திருந்தால், பில்டர் நிலக்காரரிடம் அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேட்பார். அப்போது பாரம் நிலக்காரர் மேல். நிலத்தை வாங்கிப் பத்திரம் முடித்த பிறகு ரேட்டை ஏற்றினால்தான் சிக்கல். பில்டர் லாபத்தில் கை வைக்க வேண்டும், இல்லை விலையை ஏற்ற வேண்டும். வீடு கிடைக்காமல் ஆட்கள் அலைகிற ஊரில் விலைதான் ஏறும்.

அதனால் கட்டணம் அதிகமா குறைவா என்பதைவிட, அடிக்கடி மாறுகிறதா, முன்கூட்டியே தெரிகிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பில்டர் மகன்

வாத்தியார் சார், எங்கள் ஊர் நிலக்காரர்கள் பாடப்புத்தகம் படிப்பதில்லை. “பக்கத்து சர்வே நம்பர் இவ்வளவுக்குப் போச்சு” என்பதுதான் அவர்களுடைய ஒரே கணக்கு 😀

ஸ்காபரோ சித்தப்பா

இந்த இழையை வாசிக்க எனக்கு எங்கட ஊர் கதை மாதிரியே இருக்குது. கனடாவில் எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில் 1997ஆம் ஆண்டு டெவலப்மென்ட் சார்ஜஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. புதிதாக வாறவன்தான் புதுச் செலவைக் கட்ட வேணும் என்பது அதன்ட கொள்கை. வீதி, தண்ணீர், கழிவுநீர், பஸ், தீயணைப்பு, நூலகம் என்று எதற்கெல்லாம் அறவிடலாம் என்பதைச் சட்டமே சொல்லுது. அந்தப் பட்டியலில் இல்லாததற்கு அறவிட ஏலாது: ஆஸ்பத்திரி, அருங்காட்சியகம், நகரசபைத் தலைமையகம் இதெல்லாம் சேராது.

முக்கியமான விசயம், நகரசபை நினைத்தபடி ரேட் போட ஏலாது. முதலில் ஒரு பின்னணி ஆய்வு செய்ய வேணும். இத்தனை பேர் வரப்போகினம், அதற்கு இந்த இந்த வேலைகள், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு செலவு, அதில் ஏற்கெனவே இருக்கிற ஆட்களுக்குப் போற பங்கு இவ்வளவு என்று கழித்துக் காட்ட வேணும். அறவிட்ட காசை ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி ஒதுக்கு நிதியில் வைக்க வேணும். தண்ணீர்க் காசில் நூலகம் கட்ட ஏலாது. பில்டருக்குக் கணக்கில் பிழை தெரிந்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

இதைக் கேட்டால் சொர்க்கம் மாதிரி இருக்கும். ஆனால் விலையைப் பாருங்கோ. ரொறன்ரோவில் 2024இல் ஒரு தனி வீட்டுக்கு இந்தச் சார்ஜ் மட்டும் ஒரு இலட்சம் டொலருக்கு மேல் இருந்தது. பக்கத்தில் வோன் நகரம் 2024 நவம்பரில் தன் பங்கை 94,466 டொலரில் இருந்து 50,193 ஆகக் குறைத்தது. ஏன்? வட்டி ஏறி, விற்பனை படுத்து, கட்டுற வேலையே நின்று போச்சு. மிசிசாகாவும் 2025 தொடக்கத்தில் பாதியாக்கியது. வோன் காரருக்கு நகரத்தின்ட பங்கு போக யோர்க் பிராந்தியத்தின்ட பங்கு வேறு, பள்ளிக்கூடச் சபையின்ட பங்கு வேறு.

சோழிங்கநல்லூர்வாசி

சித்தப்பா, இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்தும் பணம் தேங்குவதில்லையா? இங்கே கேட்டால் ‘நிதியில் இருக்கிறது’ என்பார்கள், செலவாகாது.

ஸ்காபரோ சித்தப்பா

தேங்கும், நல்லாத் தேங்கும். அதனால்தான் 2022இல் மாகாண அரசு கொண்டுவந்த ‘பில் 23’ என்ற சட்டமூலத்தில், தண்ணீர், கழிவுநீர், வீதிக்கான ஒதுக்கு நிதியில் வருசாவருசம் 60 வீதத்தையாவது செலவழிக்க வேணும் அல்லது இன்ன வேலைக்கு என்று ஒதுக்க வேணும் என்று போட்டாங்கள். நகரசபைக்காரர் சொல்லுறது வேற: ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டப் பத்து வருசம் சேர்த்தால்தான் முடியும், சும்மா வைத்திருக்கேல்லை என்று. அதிலையும் உண்மை இருக்கு.

அதே பில்லில் புதுச் சார்ஜை முதல் வருசம் 80 வீதம்தான் அறவிடலாம், பிறகு ஐந்து ஐந்தாகக் கூட்டலாம் என்றும் இருந்தது. நகரசபைகள் ‘மிச்சத்தை வரி கட்டுறவன்தானே குடுக்க வேணும்’ என்று சத்தம் போட, 2024இல் அதை எடுத்துப்போட்டாங்கள்.

பில்டர் மகன் தம்பி சொன்ன வட்டிப் பிரச்சினையும் இங்க இருந்ததுதான். 2025இல் வந்த சட்டம் வீடுகளுக்கான சார்ஜை ஆட்கள் குடிபுகுற நேரத்தில் கட்டலாம் என்று மாற்றியிருக்கு.

பில்டர் மகன்

இதைத்தான் நாங்களும் கேட்கிறோம்! கட்டணத்தைக் குறைக்கக்கூட வேண்டாம், கட்டி முடித்ததும் வாங்குகிற கம்ப்ளீஷன் சர்ட்டிஃபிகேட் வாங்கும்போது கட்டச் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம் மாமி

கம்ப்ளீஷன் சர்ட்டிஃபிகேட்டா? அதை வாங்காமலேயே குடிவைத்துவிட்டு ஓடிப்போன பில்டர்கள் இந்தத் தெருவில் மட்டும் எத்தனை பேர் தெரியுமா? முதலிலேயே வாங்கினால்தான் உண்டு.

எழும்பூர் ஃபைல்

மாமிக்கு ஒரு ஓட்டு.

ஆலந்தூர் பழசு

ஒன்ராறியோ வரை போக வேண்டாம், கிண்டி தாண்டி ஆலந்தூர் வாருங்கள்.

ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த காலம். 1996இல் வந்த நகர்மன்றம், சேர்மன் ஆர்.எஸ். பாரதி. பாதாள சாக்கடை போட வேண்டும், கையில் பணம் இல்லை. வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், கடை கண்ணிக்கு 10,000 ரூபாய் டெபாசிட் என்று மக்களிடம் கேட்டார்கள். அந்தக் காலத்து 5,000 ரூபாய்! அதுவும் குழாய் பதிப்பதற்கு முன்னாலேயே. எங்கள் வீட்டில் அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். “முனிசிபாலிட்டிக்குக் கொடுத்த காசு திரும்பி வந்த சரித்திரம் உண்டா?” என்று கேட்டார். தெருவில் பாதிப் பேருக்கு அதே எண்ணம்.

அப்புறம் எப்படிக் கட்டினார்கள் என்றால், டெபாசிட்டை நகராட்சியின் பொதுக் கணக்கில் போடவில்லை. தனி வங்கிக் கணக்கு. சம்பளம் போடவோ தெருவிளக்கு மாற்றவோ அதிலிருந்து எடுக்க முடியாது. குடியிருப்போர் சங்கத்துக்காரர்களே வீடு வீடாக வந்து பேசினார்கள். யார் கட்டியது, யார் பாக்கி என்பது கல்யாண மொய் நோட்டு மாதிரி தெருவுக்கே தெரிந்தது. சங்கத்து ஆள் ரசீதை நீட்டி ‘உங்கள் வீட்டு இணைப்புக்கு’ என்று சொன்னபோதுதான் அம்மா பீரோவைத் திறந்தார். மிச்சத்துக்குக் கடனும் மானியமும் வாங்கினார்கள், பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியாரை வைத்துக் கட்டினார்கள். குழாய் வந்தது, இணைப்பும் வந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆக நம் ஜனங்கள் கட்ட மாட்டார்கள் என்பது கிடையாது. எதற்குக் கட்டுகிறோம் என்று கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஐ அண்ட் ஏ கட்டணத்தில் அந்த ‘எதற்கு’ என்ற பத்தியே இல்லை.

கணக்கு வாத்தியார்

நல்ல உதாரணம். ஆனால் ஒரு வித்தியாசம். ஆலந்தூரில் கட்டியவர்கள் ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்கள். சேர்மனை வாசலில் நிறுத்திக் கேட்க முடியும், அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்க்க முடியும். ஃபிளாட் கட்டணத்தைச் சுமக்கிறவருக்கு, சுமக்கிற அன்று அந்த வார்டில் ஓட்டே இல்லை. அவர் அப்போது வேளச்சேரியிலோ வேலூரிலோ வாடகைக்கு இருப்பார். சென்னையில் சொத்து வரியைப் பொதுவாகத் திருத்தியது 1998க்குப் பிறகு 2022இல்தான். இடையில் கால் நூற்றாண்டு. ஏற்றியதும் எவ்வளவு கூச்சல்! கட்டணத்தை ஏற்றினால் ஒரு சத்தமும் வராது. எந்த ஊர் அரசியல்வாதியும் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஸ்காபரோ சித்தப்பா

அச்சா அதேதான் இங்கேயும். சொத்து வரியை இரண்டு வீதம் கூட்டினால் கவுன்சிலர் வீட்டு ஃபோன் அடங்காது.

ஈஸ்ட்ஹாம்

இங்கிலாந்து முறையையும் போட்டு வைக்கிறேன். கம்யூனிட்டி இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லெவி என்று ஒன்று, சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கட்டணம். இதில் 15 சதவீதம் கட்டடம் எழும்பிய அந்தப் பகுதிக்கே போக வேண்டும். அந்தப் பகுதி மக்கள் தங்களுக்கென்று ஒரு அக்கம்பக்கத் திட்டம் தயாரித்து வாக்கெடுப்பில் நிறைவேற்றியிருந்தால் 25 சதவீதம். பாரிஷ் கவுன்சில் (நம்மூர் பஞ்சாயத்து மாதிரி) இருக்கிற ஊரில் பணத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். லண்டனில் பாரிஷ் கிட்டத்தட்ட கிடையாது, அதனால் பரோ எனப்படுகிற லண்டனின் உள்ளூராட்சிப் பிரிவின் கவுன்சிலே வைத்துக்கொண்டு மக்களிடம் கேட்டுச் செலவழிக்கும். எவ்வளவு கேட்கிறார்கள் என்பது பரோவுக்குப் பரோ மாறும் 🙂

லண்டன் மேயர் 2012 முதல் தனியாக ஒரு லெவி வாங்குகிறார், கிராஸ்ரெயிலுக்காக. இப்போது எலிசபெத் லைன் என்று ஓடுகிறதே, அதுதான். அந்தப் பணம் என் தெருவுக்கு வரவில்லைதான், ஆனால் எதற்கு வாங்கினார்கள் என்று தெரியும், அந்த ரயிலில் ஏறித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

பூங்கா பைத்தியம்

எல்லோரும் பணத்தையே பேசுகிறீர்கள். சென்னையில் இந்த வரிசையில் உருப்படியானது ஓஎஸ்ஆர் ஒன்றுதான், ஏனென்றால் அது நிலம்! மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதத்தைப் பொதுவுக்கு விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்ட வழி இருக்கிறது. அதற்கு மேல் போனால் நிலமாகத்தான் தர வேண்டும், தானப் பத்திரம் எழுதி. பணத்தை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். நிலத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே!

இலவசமாக நிலத்தை வாங்குவது செல்லுமா என்று ஒரு அபார்ட்மென்ட் சங்கத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரியில் விதி செல்லும் என்று தீர்ப்பு வந்துவிட்டது.

ஆனால் போய்ப் பாருங்கள். சில இடங்களில் ஓஎஸ்ஆர் நிலத்தைச் சுற்றிக் குடியிருப்பே வேலி போட்டு, ஊஞ்சல் மாட்டி, கேட்டில் செக்யூரிட்டி உட்கார்ந்திருப்பார். அது பொது நிலம் என்று அந்தச் செக்யூரிட்டிக்கும் தெரியாது, உள்ளே வாக்கிங் போகிறவருக்கும் தெரியாது.

மடிப்பாக்கம் மாமி

எங்கள் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. கேட்டால் “ரெசிடென்ட்ஸ் ஒன்லி மேடம்” என்கிறார்கள். தானப் பத்திரம் நம்பரோடு மாநகராட்சிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

எழும்பூர் ஃபைல்

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கிவிட்டார்கள். இனிமேல் வளரப்போகிற இடமெல்லாம் அங்கேதான். எந்தத் தெருவில் எத்தனை வீடு வரும், எவ்வளவு தண்ணீர் தேவைப்படும், அதற்கு என்ன செலவு என்று பட்டியல் போட்டுவிட்டு ரேட்டை நிர்ணயிக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. இப்போது ரேட் முதலில் இருக்கிறது, பட்டியலைக் காணோம்.

சோழிங்கநல்லூர்வாசி

சரி, நான் என்ன செய்யட்டும்? ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடலாம் என்று இருக்கிறேன். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது?

எழும்பூர் ஃபைல்

ஒரே மனுவில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம், ஆளுக்கு ஆள் தள்ளிவிடுவார்கள். சிஎம்டிஏவுக்கு ஒன்று: உங்கள் திட்டத்தின் பிளானிங் பெர்மிட் எண்ணைப் போட்டு, டிசி அட்வைஸ் கடிதத்தின் நகலும் ஒவ்வொரு தலைப்பிலும் கட்டிய தொகையும் தேதியும் கேளுங்கள். பெர்மிட் எண், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் இணையப் பக்கத்தில் பில்டர் ஏற்றிய ஆவணங்களிலேயே இருக்கும். அந்தத் தொகையை மொத்தச் சதுர அடியால் வகுத்தால் 165இல் எவ்வளவு நிஜம் என்று தெரிந்துவிடும். மெட்ரோ வாட்டருக்கு இன்னொன்று: உங்கள் தெருவுக்குக் கழிவுநீர்த் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது, மதிப்பீடு எவ்வளவு, எந்த நிதியிலிருந்து. மூன்றாவது தலைமைச் செயலகத்தில் வீட்டுவசதித் துறைக்கு: அந்த மாநில நிதியில் கடந்த ஐந்து வருடத்தில் வந்தது எவ்வளவு, எந்தெந்த வேலைக்குப் போனது.

‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ‘நகல் தருக’ என்றே எழுதுங்கள். மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். துறை மாறிப் போனாலும் 6(3) பிரிவின்படி அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

பில்டர் மகன்

முதல் மனுவுக்குப் பதில் வந்ததும் இங்கே போடுங்கள் சார், பில்டர் பெயரை மறைத்துவிட்டு. வகுத்துப் பார்த்துச் சொல்கிறேன், நியாயமான ரேட்டா இல்லையா என்று.

சோழிங்கநல்லூர்வாசி

போடுகிறேன். இந்த வாரம் மூன்றையும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுகிறேன். மாமி, அந்தத் தானப் பத்திர நம்பரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

மடிப்பாக்கம் மாமி

சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸில் அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், அதிலேயே வந்தது. ஆன்லைனிலும் பார்க்கலாம்.